பூவரசங்கட்டையில் கையால் கோப்பை குடைய: பச்சையாகவா, காய வைத்தா?

கொல்லைப்பூவரசு (மன்னார்குடி):
மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று கொல்லைப் பூவரசில் ஒரு கிளையை நேற்று வெட்டினோம். தொடைப் பருமன், நாலடி நீளம். பின்லாந்துப் பக்கம் குடைகிற குக்ஸா மாதிரி, பிடியும் சேர்ந்து ஒரே கட்டையில் ஒரு கோப்பை செய்ய ரொம்ப நாள் ஆசை. கைக்கோடாலி, நகவுளி (வாய் நகம் போல வளைந்த உளி), கத்தி இருக்கிறது. கடைசல் வேண்டாம், முழுக்கக் கைவேலைதான். பச்சையாகவே குடையலாமா? பூவரசில் ஊற்றிக் குடிக்கலாமா? உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா?

குடந்தைத் தச்சன்:
தம்பி, பச்சையாகவே குடையுங்கள். காய்ந்த பூவரசு கையை ஒடித்துவிடும். ஆனால் இன்றைக்கே கட்டையின் இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகை உருக்கிப் பூசி நிழலில் போடுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறும், முதல் வெடிப்பும் அங்கேதான் விழும்.

அடுத்து, நடுச்சோறு (கிளையின் நட்டநடுவில் ஓடும் மெத்தென்ற தண்டு) வழியாக நீளவாக்கில் பிளந்து, சோறு இருந்த இடத்தை ஒரு விரல் கனத்துக்குச் செதுக்கித் தள்ளுங்கள். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கம் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சோற்றை உள்ளே விட்டால் அந்த இழுப்புக்குக் கட்டை பிளந்தே தீரும். எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

குடையும்போது விளிம்பிலிருந்து அடியை நோக்கி மட்டும் வெட்டுங்கள். ஈரக்கட்டையில் சீவல் சுருள் சுருளாக வரணும். பிய்ந்து பிய்ந்து வந்தால் உளி மழுங்கியிருக்கிறது, இல்லை நாருக்கு எதிர்ப்போக்கில் போகிறீர்கள். சுவரின் கனம் பார்க்கக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் உள்ளே, ஆள்காட்டி விரல் வெளியே, அப்படியே சுற்றி வாருங்கள். விரல்கள் விலகும் இடமெல்லாம் தடித்த இடம். சுவர் அடியைத் தொடும் மூலையில் எல்லாருக்குமே தடிப்பு நின்றுவிடும். மெல்லிய இடம் முந்திக் காய்ந்து தடித்த இடத்தை இழுக்கும், வெடிப்பு அங்கேதான் பிறக்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நிறுத்தி, அதன் சீவலோடேயே துணிப்பையில் போட்டு வையுங்கள். மின்விசிறியும் வெயிலும் கூடாது. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், அதனால் சீவலை அவ்வப்போது மாற்றுங்கள். சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் கடைசிச் சீவலும் உப்புத்தாளும்.

குடிக்கப் பூவரசு அருமையான மரம். ஹவாயில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். சாப்பாட்டில் மரவாடை இறங்காது என்றுதான் அந்தத் தீவுக்காரர்கள் உணவுக் கிண்ணமே இதில் குடைந்தார்கள். வேம்பு கசக்கும், வேங்கை தண்ணீரில் சாயம் விடும். எட்டி, அரளி, தில்லை மூன்றும் விஷம், உளியையே வைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் இறுகாது, பிசுக்காக நின்று சிக்கு வாடை அடிக்கும். செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெய் வாங்குங்கள். பெயின்ட் கடையில் விற்கும் டபுள் பாயில்டு வேண்டாம், அதில் உலோக உப்பு கலந்திருக்கும். மெல்லிசாகப் பூசி, துடைத்து, சில வாரம் இறுக விட்டுப் பிறகு குடியுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள்.

ஔலுவிலிருந்து:
இங்கே பின்லாந்தின் வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்கள் குக்ஸாவை குக்ஸி என்பார்கள். நல்ல கோப்பைகளை பிர்ச் மரத்தில் முண்டாகப் புடைத்த கட்டியில்தான் குடைவார்கள். அதில் நார் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடப்பதால் லேசில் வெடிக்காது. உங்களுடையது நேர்க்கிளை என்பதால் பிடியைக் கட்டையின் நீளவாக்கில் விடுங்கள், குறுக்கே விட்டால் ஒடிந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

கொல்லைப்பூவரசு:
அண்ணே, மெழுகு பூசிவிட்டேன். கட்டையின் ஒரு முனையில் முட்டை அளவுக் கணு இருக்கிறது. பிடி அந்தப் பக்கம் வந்தால் பார்க்க அழகாக இருக்குமே?

குடந்தைத் தச்சன்:
பிடியில் கணு வேண்டவே வேண்டாம் தம்பி. அங்கே நார் வளைந்து ஓடும், கோப்பையைத் தூக்கும்போது ஒடியும். சுவரில் வந்தாலும் கசியும். நாலடி இருக்கிறதே, கணுவுக்கு ஒரு சாண் தள்ளி அறுத்துக்கொண்டு தொடங்குங்கள்.