டீக்கடையில தம்முக்குத் தடை போட்டா பசங்க விடுறாங்களா, இல்ல எடத்தை மாத்திக்கிறாங்களா?

பாய்லர்_அக்கா:

நானும் எங்க வீட்டுக்காரரும் ஈரோட்டுல ஒரு காலேஜுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கோம். பதினோரு வருசமாச்சுங்க. போன ஆடி வரைக்கும் கடைல சிகரெட்டும் இருந்துச்சு. உள்ளதைச் சொன்னா, டீயை விட அதுக்குத்தான் பசங்க வருவாங்க. முதல் பீரியடுக்கு முன்னாடி ஒரு செட்டு, பதினோரு மணி பிரேக்குல ஒரு செட்டு. ஒரு கிங்ஸ், ரெண்டு டீ, நாலு பேரு. ஒருத்தன் இழுத்துட்டு அடுத்தவனுக்குக் குடுப்பான். மொத நாள் இருமுனவன் ரெண்டு மாசத்துல தனியா ஒண்ணு கேப்பான். கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

எம் பையன் பன்னெண்டாவது முடிச்சு அதே காலேஜ்ல சேந்தான். அவன் சேந்த அன்னிக்கே சிகரெட்டை எடுத்துட்டேன். "நம்ம பையன்னாத்தான் வலிக்குதா?"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. வலிக்குதுதானுங்களே. புகை பிடிக்கக் கூடாதுன்னு போர்டும் எழுதி மாட்டுனோம். நாலு மாசம் யாவாரம் படுத்துருச்சு. வெங்காய போண்டா போட ஆரம்பிச்சுத்தான் கொஞ்சம் எந்திரிச்சிருக்கோம்.

ஆனா பசங்க எங்கயும் போயிடலைங்க. டீயை பேப்பர் கப்புல வாங்கிட்டு, பதினஞ்சடி தள்ளி புளியமரத்தடிக்குப் போயிடுறாங்க. சிகரெட்டு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடைல கெடைக்குது. பாய்லருக்குப் பக்கத்துல கயித்துல கட்டித் தொங்குற லைட்டரு மட்டும் எங்க கடைல மிச்சம். சில பேரு வந்து பத்த வச்சுட்டுப் போவாங்க.

நாலு மாச யாவாரத்தை விட்டதுல பிரயோசனம் ஏதாச்சும் இருக்குதா? இல்ல, எங்கண்ணுல படாம அடிக்கிறதுக்கு நானே எடம் மாத்திக் குடுத்துட்டனா?

ஏழாவது_மாடி:

அக்கா, அந்த மரத்தடிப் பசங்கள்ல ஒருத்தனா இருந்தவன் நான். வேற ஊரு, வேற மரம்.

முதல் ஆறு மாசம் நான் காசு குடுத்து ஒரு சிகரெட்கூட வாங்கினதில்ல. கடைக்குப் போனது உக்காரத்தான். ஹாஸ்டல் ரூம்ல ஃபேன் ஓடாது. கடைல பெஞ்சு இருந்துச்சு, மழைக்கு ஓடு இருந்துச்சு, நம்ம செட்டு இருந்துச்சு. கைமாத்தி வந்ததை வேணாம்னு சொன்னா "சின்னப் பையன்"னு ஓட்டுவாங்க. மூணாவது செமஸ்டர்ல கடைக்காரரே என்னைப் பாத்ததும் எடுத்து வச்சிடுவார்.

இப்ப உங்க கடைல என்ன ஆகியிருக்குன்னு பாருங்க. தம் அடிக்கிறவன் எந்திரிச்சு வெயில்ல நடந்து போகணும். டீ மட்டும் போதும்னு நெனைக்கிறவனுக்கு பெஞ்சுலயே உக்கார ஒரு சாக்கு கெடைச்சிருக்கு. எனக்கு அப்ப அந்தச் சாக்கு கெடைக்கல. மரத்தடிக் கணக்கை விடுங்க, பெஞ்சுல எத்தன பேர் மிச்சம் இருக்காங்கன்னு ஒரு வாரம் எண்ணிப் பாருங்க.

என் கதையையும் மறைக்காம சொல்லிடுறேன். இப்ப பெங்களூர்ல வேலை. ஆபீஸ்ல ஏழாவது மாடியில இருந்து லிஃப்ட் பிடிச்சு, கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய் ஒண்ணு அடிச்சிட்டு வர கால் மணி நேரம் ஆகுது. ஒரு நாளைக்கு எட்டு இருந்தது மூணாச்சு. சனிக்கிழமை ரூம்ல அந்தக் கணக்கையெல்லாம் நேர் பண்ணிடுவேன், அது வேற விஷயம். கர்நாடகாவுல 2017லயே சில்லறையா சிகரெட் விக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. 2025ல வாங்குற வயசை 21 ஆக்கி, பொது இடத்துல பிடிச்சா அபராதம் 1,000 ரூபாய்னும் ஏத்தினாங்க. இன்னிக்குக் காலைலகூட கேட்டுக்கு வெளிய ஒத்த சிகரெட்தான் வாங்கினேன்.

பழைய_சானிட்டரி:

அம்மா, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2003ல் புகையிலைச் சட்டம் வந்தது. அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் கறாராக நடைமுறைக்கு வந்தன. அன்றைக்கு எங்கள் கையில் ரசீது புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அபராதம் 200 ரூபாய் வரை. மத்தியச் சட்டத்தில் இன்றைக்கும் அதே 200தான். நான்கு மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது போட்டுக் கட்டிவிட்டு, ரசீதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன்.

புளியமரத்தடி விஷயம் சட்டத்திலேயே உள்ள ஓட்டை. திறந்தவெளி பொது இடக் கணக்கில் வராது என்று சட்டம் சொல்கிறது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவற்றை 2008 விதிகள் தடைக்குள் இழுத்துப் போட்டன. சாலையோர மரம் அதில் இல்லை. அங்கே நிற்கிறவனிடம் நான் ரசீது புத்தகத்தை எடுத்தால் அவன் என்னிடமே சட்டம் பேசுவான். பேசியிருக்கிறார்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிக்கடை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு எங்கேயும் விற்கக் கூடாது. காலேஜ் முதல் வருடத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர், அதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் பதினோரு வருடம் விற்றதும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள். நாடு முழுக்க வீடு வீடாகப் போய் 2009–10லும் 2016–17லும் புகையிலைக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 15 முதல் 24 வயது வரையிலானவர்களில் புகையிலை பழக்கம் உள்ளவர்கள் 18.4 சதவீதத்திலிருந்து 12.4 ஆகக் குறைந்திருந்தார்கள். முதன்முதலில் தொடும் சராசரி வயது 17.9லிருந்து 18.9 ஆகத் தள்ளிப் போயிருந்தது. இதில் பான், குட்காவும் சேர்த்திதான். இடைப்பட்ட காலத்தில் சினிமாவில் எச்சரிக்கை வாசகம் வந்தது, 2016ல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் படம் வந்தது. ஆகவே எல்லாப் பெருமையையும் எங்கள் ரசீது புத்தகத்துக்குக் கேட்க மாட்டேன். ஆனாலும் அந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. முதல் வருடத்தில் தொடாதவன் பிறகு தொடுவது குறைவு என்பது என் அனுபவம்.

இன்னொன்று. தடை உள்ள இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. கயிற்றில் தொங்கும் லைட்டரைக் கழற்றிவிடுங்கள்.

கிள்ளான்காரன்:

வணக்கம் சகோதரி. மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2019 ஜனவரி 1 முதல் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் புகைக்கத் தடை. கடையிலிருந்து பத்தடி தள்ளித்தான் பற்ற வைக்கலாம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயோடு சிகரெட் இல்லாமல் கால்பந்து பார்க்க முடியுமா என்று நாங்களெல்லாம் சத்தம் போட்டோம். முடிந்தது. இப்போது சாலை ஓரம் நின்று இழுத்துவிட்டு வந்து உட்காருகிறோம்.

பிள்ளைகள் கதைதான் வேறு. சுகாதார அமைச்சின் ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் சிகரெட் பிடிப்பவர்கள் 2017ல் 13.8 சதவீதம், 2022ல் 6.2. பாதிக்கும் கீழே. ஆனால் வேப், அதாவது மின் சிகரெட், 9.8லிருந்து 14.9 ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில், வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வயது வரம்பு போடும் புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபரில். நடுவில் ஒன்றரை வருடம் கேட்க ஆளில்லை. படிவம் 4 (உங்கள் பத்தாவது மாதிரி) படிக்கும் என் அண்ணன் மகன் பையில் பேனா மாதிரி ஒன்று கிடைத்தது. தர்பூசணி வாசம். சிகரெட் என்றால் சட்டையை மோந்து பார்த்தே அண்ணி கண்டுபிடித்திருப்பார். உங்கள் நாட்டில் வேப்பை 2019லேயே மொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள். இருந்தாலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர்_அக்கா:

எல்லாருக்கும் நன்றிங்க. அய்யா சொன்னதுல கோவமெல்லாம் இல்ல. எங்க கடை வாசலுக்கும் காலேஜ் கேட்டுக்கும் நாப்பது கஜம்கூட இருக்காது.

ஏழாவது மாடித் தம்பி சொன்ன மாதிரி ஒரு வாரம் எண்ணிப் பாத்தேன். பதினோரு மணி பிரேக்குல சராசரியா முப்பது பசங்க வராங்க. மரத்தடிக்குப் போறது எட்டு, ஒம்பது பேரு, அதுவும் பெரும்பாலும் கடைசி வருசத்துப் பசங்க. முதல் வருசத்துப் பசங்க பெஞ்சுல உக்காந்து போண்டாவைப் பிச்சு அடிச்சுக்கிறாங்க. முன்ன எத்தனன்னு எண்ணி வச்சிருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம், எண்ணலைங்களே.

பெட்டிக்கடைக்கு நூல் புடிச்சு அளந்தா நூறு கஜத்தைத் தாண்டி நாலடி. அந்தாளு வெவரமாத்தான் கடை போட்டிருக்காரு.

வேப்புன்னா என்னடான்னு பையனைக் கேட்டேன். டக்குன்னு சொல்லிட்டான். எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

லைட்டரை நேத்தே அறுத்துட்டேன். இன்னிக்குக் காலைல பாத்தா புதுக் கயித்துல மறுபடி தொங்குது. வீட்டுக்காரரைக் கேட்டா, "பழைய கஸ்டமர் ஒருத்தர் பீடி பத்த வைக்க வருவாருல்ல"ங்கிறாரு. அந்தப் பழைய கஸ்டமர் எங்க மாமனாருங்க.