ஹார்ட்டெய்லை விட்டு ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் போகலாமா?

வணக்கம் அண்ணாமார். நான் மட்டக்களப்பு. இப்ப ஓடுறது ஹார்ட்டெய்ல், அதாவது பின்பக்கம் ஷொக் (அதிர்வு தாங்கி) இல்லாத மவுண்டன் சைக்கிள், முன் ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கும். உன்னிச்சைக் குளத்துப் பக்கக் கிறவல் றோட்டுக்கு அது தாராளம். ஆனா குடும்பிமலைப் பக்கம் கல்லும் வேரும் கிடக்கிற வழியில இறங்கினா பின்சில்லு துள்ளித் துள்ளி நாரி விட்டுப்போகுது.

பாவிச்ச ஃபுல் சஸ்பென்ஷன் ஒண்டு பார்த்து வச்சிருக்கன். முன்னும் பின்னும் 150 மி.மீ. அமுங்கும். நம்மட பக்கம் முக்கால்வாசி சமதரை, அவ்வளவு எதுக்கு? 120 போதும் எண்டுதான் என்ட நினைப்பு. பொதுவா பாரமும் குறைவு. மிதிக்கக்குள்ள பின்பக்கம் ஆடுறதுக்கு லொக் அவுட் (ஷொக்கை அமுங்க விடாமப் பூட்டுற வசதி) இருந்தாக் காணுமா?

மறுகா, பெரிய யோசனை பராமரிப்புத்தான். பின் ஷொக்குக்குக் காத்தடிக்கத் தனிப் பம்ப் வேணும். பல ஷொக்குகளுக்கு 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்காச் சேர்விஸ் செய்யச் சொல்றாங்க. மூட்டுகளில இருக்கிற பெயாரிங் எல்லாம் உப்புக்காத்துக்கும் மாரிச் சேத்துக்கும் எத்தின காலம் தாக்குப்பிடிக்கும்? சிங்கிள் பிவட் பிரேம் (பின்சில்லுப் பக்கம் ஒரே ஒரு முக்கிய மூட்டில ஆடுறது) எண்டா பொதுவாப் பெயாரிங் குறைவு, அது நல்லமா?

கல்முனை, அம்பாறைப் பக்கம் ஷொக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச ஆக்கள் இருக்காங்களா, இல்லாட்டிக் கொழும்புக்குத்தான் அனுப்பணுமா? பாவிச்ச சைக்கிள்ல முதல்ல எதைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கணும் எண்டும் சொல்லுங்க.