கார்பன் மிதிவண்டிக் கையேடு: 'இறுக்குவிசை'யா, 'திருப்புவிசை'யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கையேட்டைத் தமிழாக்கும்போது டார்க்குக்கு (torque, போல்ட்டைத் திருகக் கொடுக்கும் அளவு) 'இறுக்குவிசை' என்று போடலாம் என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. சாவியில் நாம் கொடுப்பது ஒன்று, போல்ட் இழுபட்டுக் குழாயைக் கவ்வுவது வேறொன்று. 5 மி.மீ. போல்ட்டை உலர்ந்த மரையோடு 5 நியூட்டன் மீட்டருக்குத் திருகினால் சுமார் 5,000 நியூட்டன் விசையில் கவ்வும், கிட்டத்தட்ட அரை டன் பாரம். மரையில் கிரீஸ் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 5-இல் 6,500-ஐயும் தாண்டக்கூடும். இரண்டையும் 'இறுக்குவிசை' என்றால் படிப்பவர் எதைப் பார்ப்பார்? முதலாவதற்குப் பாடநூலில் உள்ள 'திருப்புவிசை'யே இருக்கட்டும். இரண்டாவது 'கவ்வுவிசை'. குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று காட்டும் டார்க் ரென்ச் 'திருப்புவிசைச் சாவி'. மரைக்கு கிரீஸ் உண்டா இல்லையா என்பதையும் கையேடு சொல்லியாக வேண்டும்.

அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் இழைக் குழாயில் உள்ளே ஒட்டிய ஏடுகள் பிரிந்திருக்கும், மேலே பெயின்ட் பளபளவென்றே இருக்கும், ஓட்டும்போதுதான் ஒடியும். அதனால் பாகத்தின் மேலுள்ள 'மேக்ஸ் 5' (5 நியூட்டன் மீட்டர்) என்ற அச்சை 'தேவையான அளவு' என்று பெயர்க்கவே கூடாது, அது 'மேல்வரம்பு'. ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) 6, ஹேண்டில்பாரில் 5 என்றிருந்தால் 5-ஐத்தான் கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரை ஸ்டெம்மோடு கவ்வும் முகப்புத் தகட்டின் நான்கு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக 2, 3, 4 என்று ஏற்றிப் போக வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் தகட்டுக்கு மேலும் கீழும் இடைவெளி சமமாக வரணும். சாவி 'டக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு தரம் அழுத்தக் கூடாது. சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) வழுக்கினால் மேலும் திருகுவது பெரிய தவறு. கிரீஸைத் துடைத்துவிட்டுக் கார்பன் பேஸ்ட் பூசினால், அதிலுள்ள நுண்மணிகள் பிடித்துக்கொள்ளும், குறைந்த திருப்புவிசையே போதும்.

---

'கவ்வுவிசை'க்கு என் ஆதரவு. உத்தரவாதப் பகுதிக்கும் இரண்டு சொல் வேண்டும்: 'தயாரிப்புக் குறை', 'பொருத்துகைச் சேதம்'. உத்தரவாதம் பொதுவாக முதலாவதற்கு மட்டுமே. கவ்வியின் விளிம்பை ஒட்டி நேர்கோடாக விரிசல் இருந்தால் இரண்டாவதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்போது பொறுப்பு யார் மாட்டினாரோ அவருக்கு. கடைக்காரர் மாட்டியிருந்தால் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அதைக் காட்ட எழுத்து வேண்டுமே. ஆகவே பில்லிலேயே ஸ்டெம், ஹேண்டில்பார், சீட் போஸ்ட் ஒவ்வொன்றுக்கும் 'கொடுத்த திருப்புவிசை', 'மேல்வரம்பு', 'பேஸ்ட் / கிரீஸ் / உலர்' என மூன்று கட்டம் போட்டு, மாட்டியவர் கையொப்பம் வாங்கும்படி கையேட்டின் மாதிரிப் படிவத்தை மாற்றலாம்.