பூண்டு உரித்த கை நின்ற இடம்

தம்வே வாசகி:
ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதைக் கடையில், பர்மாவை வைத்து அமிதவ் கோஷ் எழுதிய 'தி கிளாஸ் பேலஸ்' நாவலின் பழைய பிரதி கிடைத்தது. கதை இங்கே பர்மாத் தமிழர் எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1942இல் ஜப்பான் படைக்குப் பயந்து, நாயகன் ராஜ்குமாரும் மனைவி டாலியும் ரங்கூனை விட்டு இந்தியாவுக்கு நடக்கிற பகுதியை ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அந்தப் பொம்பள கால்ல செருப்பு இருந்துச்சா?" பக்கங்களைப் புரட்டினேன், கண்ணில் படவில்லை. ஆயா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய அக்கா அப்படித்தான் இந்திய எல்லையிலுள்ள தமு பக்கம் நடந்து போனவர். அதற்குமேல் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மோல்மேன்காரன்:
அக்கா, எப்போதும் 1942தானா? எங்கள் வீட்டுக் கதை 1964. கடையை பர்மாவின் ராணுவ அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாது என்றார்கள். பெரியப்பா மெட்ராஸுக்குக் கப்பலேறினார். பெரியம்மா பர்மாக்காரி, போகவில்லை. "வந்து கூட்டிப் போகிறேன்" என்று வந்த கடிதம் கடைசிவரை அவருடைய வெற்றிலை டப்பாவில் இருந்தது, மடிப்பெல்லாம் சுண்ணாம்பு. கடல் தாண்டிப் போனவன் புதுவாழ்வு தொடங்குவதைத்தான் நாவலில் எழுதுகிறார்கள். கரையில் நின்றவள் எங்கே?

மண்டலை வாத்தியார்:
தம்பி, அதே நாவல் பூராவும் பிரிந்தவர்கள்தான், சரியாகப் படியுங்கள். நான் என் தாத்தாவுக்கு 1885 பகுதியைப் படித்தேன். பர்மாவின் கடைசி ராஜா தீபோ மன்னரை வெள்ளைக்காரர்கள் நாடுகடத்தி இந்தியாவில் ரத்னகிரிக்கு அனுப்பிய இடத்தில் "ராஜாவுக்கே இந்தக் கதியா" என்றார், தூங்கிவிட்டார். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் தங்கச்சி, பெரியவர்களுக்குப் போர்ப் பகுதியை ராத்திரியில் படிக்காதீர்கள். காலையில் பலகாரம் ஆனபிறகு படியுங்கள். முந்தின நாளே ஒருமுறை படித்து, எதை விடலாம் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர்கள் பேச ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் கேள்வி கேட்காதீர்கள். பூண்டு, வெங்காய வேலையும் அப்போது வேண்டாம், கண்ணீர் எதனால் என்றே தெரியாது.

தம்வே வாசகி:
சரி அண்ணா. ஆனால் நேற்று ஆயாவே கேட்டார்: "அவ ஊர் போய்ச் சேர்ந்தாளா?" டாலி கல்கத்தா போய்ச் சேர்ந்தாள் என்றேன். கைக்குழந்தையோடு கூட நடந்த மருமகள் மஞ்சு ஆற்றில் போனதைச் சொல்லவில்லை.