அனைத்தும் அடங்கிய ரிசார்ட்: வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

பொங்கோல்வாசி:

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தோம். நானும் கணவரும், ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும், தஞ்சாவூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த மாமியாருமாக மொத்தம் ஐந்து பேர். "அனைத்தும் அடக்கம்" என்று பயண முகவர் சொன்ன சொல்லை நம்பிப் பணம் கட்டினேன். அந்தச் சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. டிசம்பர் விடுமுறைக்கு நம்மில் பலர் இப்போதே இடம் தேடத் தொடங்கியிருப்பதால், எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

சிங்கப்பூரின் தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். படகுச் சீட்டும், அங்கே இறங்கியதும் ரிசார்ட்டுக்கு ஏற்றிச்செல்லும் வேனும் எங்கள் கட்டணத்திலேயே சேர்ந்திருந்தன. விசா சேரவில்லை. எங்கள் நால்வருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்பதால் விசா தேவைப்படவில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் அத்தைக்கு மட்டும் போய் இறங்கியதும் 500,000 ரூப்பியா கட்டி விசா எடுத்தோம். பணம்கூடப் பெரிதில்லை. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து அப்படியே பக்கத்து நாட்டுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா, ஒருமுறை மட்டும் நுழையக்கூடியதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஒருமுறை விசாவாக இருந்து, அதைக் கவனிக்காமல் போயிருந்தால், அத்தை எங்களோடு திரும்பி வர முடியாமல் போயிருக்கும். முகவர் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டதால்தான் எடுத்துப் பார்த்தோம்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தை முட்டைகூடத் தொடாத சைவம். முகவரிடம் சொல்லியிருந்தேன், "பஃபேயில் காய்கறி நிறைய இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்றார். உண்மையிலேயே நிறைய இருந்தது. முதல் நாள் இரவு, காய்கறி என்று அட்டை வைத்திருந்த கங்கோங் கீரைப் பிரட்டலை ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த அத்தை, தட்டைச் சற்றே உயர்த்தி முகர்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தள்ளி வைத்தார். பெலாச்சான் (இறால் விழுது) வாசம். அடுத்திருந்த பீன்ஸில் சிப்பி சாஸ், சூப்பில் கோழிச் சாறு. அன்றிரவு அவர் வெறும் சோற்றையும் தர்ப்பூசணியையும் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு இது போதும்மா, நீ பிள்ளைகளைப் பார்" என்று சொன்னபோது, இத்தனை வெள்ளி செலவழித்து அவரைப் பட்டினி போடவா அழைத்து வந்தேன் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை தலைமைச் சமையல்காரரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் என்னை அடுப்பருகே அழைத்துச் சென்று, வரிசையாக இருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இதில் மீன், இதில் சிப்பி, இதில் இறால்" என்று விளக்கினார். பிறகு தனியே ஒரு சிறிய வாணலியை எடுத்து, எங்கள் அறை எண்ணைத் தாளில் எழுதி அதன் கைப்பிடியில் ஒட்டினார். அன்று மதியத்திலிருந்து பூண்டும் மிளகாயும் இனிப்பு சோயாவும் போட்டு வதக்கிய தோஃபு, பயத்தங்காய், கத்தரிக்காய் என்று அத்தைக்குத் தனியாக வந்தது. அந்த மனிதரை எங்கள் வீட்டில் இன்றும் நினைத்துக்கொள்கிறோம். இந்த வட்டாரத்துச் சமையலில், இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அது காய்கறிப் பண்டம்தான். அவர்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை. நாம் சொல்லும் சைவத்துக்கு அங்கே வேறு பொருள், அவ்வளவே. "இறால் விழுது, மீன் சாஸ், சிப்பி சாஸ், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது" என்று பெயர் சொல்லி, ரிசார்ட்டுக்கே மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டும்.

பில்லைப் பற்றியும் சொல்கிறேன். மூன்று வேளை உணவும் உணவு நேரத்துப் பானங்களும் கட்டணத்தில் அடக்கம், இடைநேரத்தில் பிள்ளைகள் குடித்த இளநீருக்குத் தனிக் கணக்கு. கயாக் இலவசம், மோட்டார் பூட்டிய எதற்கும் காசு. அப்படிக் கூடுதலாக வாங்கிய ஒவ்வொன்றின் விலைக்கும் மேலே, நமக்குப் பழகிய அந்தப் "பிளஸ் பிளஸ்" வேறு. இந்தோனேசிய ஹோட்டல்களில் வரியும் சேவைக் கட்டணமுமாகப் பொதுவாக 21 விழுக்காடு வரும்.

இவ்வளவு குறை சொன்னாலும், அங்கே உணவோடு சேர்த்துப் பதிவு செய்தது சரியான முடிவுதான் என்பேன். எங்கள் ரிசார்ட் வாசலுக்கு வெளியே சாலையும் மரங்களும்தான். நடந்துபோய் ஒரு ரொட்டி வாங்கக் கடை கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை இரவு எட்டு மணிக்குப் பசிக்கிறது என்றால், ரிசார்ட் கேட்கும் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

செம்பவாங் தம்பி:

அக்கா, வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்கும் தோன்றுகிறது. நாங்கள் போன இடத்தில் வாசலே இல்லை, சுற்றிலும் கடல். பத்தாவது திருமண நாளுக்காக மனைவியோடு மாலத்தீவுக்குச் சென்றிருந்தேன். அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதால், காலையில் குடிக்கும் காப்பி முதல் இரவு வாங்கும் தலைவலி மாத்திரை வரை அவர்களிடம்தான்.

நாங்கள் இருவரும் மது அருந்துவதில்லை. அனைத்தும் அடங்கிய கட்டணத்தில் பெரும்பகுதி மதுவுக்காகத்தானே, குடிக்காத நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மூன்று வேளை உணவு மட்டும் அடங்கிய 'ஃபுல் போர்ட்' எடுத்தேன். அதில் பானம் எதுவும் சேராது, குடிதண்ணீர்கூடச் சேராது என்பதை நான் படிக்கவில்லை. உணவு மேசையில் வைத்த தண்ணீர்ப் புட்டிக்கு ஆறு டாலர், அமெரிக்க டாலர், அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் வரி. அந்த வெயிலில் இருவர் ஒரு நாளைக்கு எத்தனை புட்டி குடிப்போம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் என் மனைவி காப்பி வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். திருமண நாளைக் கொண்டாட வந்த இடத்தில் அவரை அப்படி யோசிக்க வைத்ததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஐந்து நாளுக்கும் தண்ணீர், காப்பி, பழச்சாறு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, இரு திட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை அந்தத் தொகை தாண்டிவிட்டது. குடிக்காதவர்களுக்கு அனைத்தும் அடங்கிய திட்டம் வீண் என்று பொதுவாகச் சொல்வதை மாலத்தீவு விஷயத்தில் நான் இனி ஏற்கமாட்டேன். பான விலைப்பட்டியலை முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கேட்டால் அனுப்புகிறார்கள். அதை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் சரியான வழி.

இன்னொன்று, கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். எங்கள் விமானம் இரவில் மாலேயில் இறங்கியதால், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கி, காலையில்தான் தீவுக்குப் போனோம். அந்த இரவின் அறையும் சாப்பாடும் எந்தத் திட்டத்திலும் சேராது. விரைவுப் படகில் சென்றடையும் தூரத்தில் உள்ள ரிசார்ட் என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அமெரிக்க டாலர், 2025 ஜூலை முதல் சுற்றுலாப் பொருள் சேவை வரி 17 விழுக்காடு. இருவர் ஐந்து இரவு தங்கினால் பசுமை வரி மட்டும் 120 டாலர். விளம்பரத்தில் காணும் விலையில் இவை சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்காமல் ஒரு விலையை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் படித்தபோது ஒரு செய்தி எனக்கு விளக்கம் தந்தது. ஒரே தொகைக்கு எல்லாம் என்ற முறையைப் பரப்பிய கிளப் மெட் என்ற விடுமுறை நிறுவனம், 1950இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்களோடு தொடங்கியது. அதன் விடுதிகளில் பிற்காலத்தில் விருந்தினர்கள் கழுத்தில் மணிகளைக் கோத்து அணிந்துகொண்டு, மதுக்கூடத்தில் காசுக்குப் பதில் அந்த மணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பானம் வாங்கியிருக்கிறார்கள். அதாவது, எது அடக்கம், எது தனி என்ற கோடு அன்றே இருந்திருக்கிறது.

தோ பாயோ பெரியவர்:

நான் நீட்டி எழுதப் போவதில்லை. இடத்தைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை என்று, உணவும் நீர் விளையாட்டுகளும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்ட ஓர் இடத்துக்கு மலேசியாவின் கிழக்குக் கரைப் பக்கம் போனோம். நான்கு நாளும் சிவப்புக் கொடி. கயாக்குகளை மணலில் கவிழ்த்துப் போட்டு, பெரிய கயிற்றால் ஒரு தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என் சின்னப் பேரன் தினமும் காலையில் போய் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பரிலிருந்து ஏறக்குறைய பிப்ரவரி வரை, அந்தக் கடல் அப்படித்தான் இருக்கும். ரெடாங் போன்ற தீவுகளில் பல ரிசார்ட்டுகள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கின்றன. கடல் கொந்தளிப்பது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் நடக்க வாய்ப்பில்லாத நீர் விளையாட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியதை நான் ஏற்கவில்லை.

டிசம்பரில் போவதென்றால் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் போன்ற மேற்குக் கரைப் பக்கம் போங்கள், அங்கே அப்போது கடல் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரையையும் பிந்தானின் வடகரையையும் ஜூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைக்கு இந்த ஒரு பொருத்தம் பார்த்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

பொங்கோல்வாசி:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்தபோது, நாங்கள் ஜூனில் போனது தற்செயலாக அமைந்த நன்மை என்று தெரிந்துகொண்டேன். பிந்தானுக்கே டிசம்பரில் மறுபடியும் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, லங்காவியில் செனாங் கடற்கரைப் பக்கம் பார்க்கிறோம். அங்கே ரிசார்ட்டை விட்டு இறங்கினாலே உணவுக்கடைகள், இந்தியக் கடைகளும் உண்டு. அதனால் இம்முறை காலை உணவு மட்டும் சேர்ந்த அறை போதும் என்று கணவரும் நானும் முடிவு செய்தோம். அனைத்தும் அடங்கிய கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், வெளியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாலும் மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நேற்று நானே மின்னஞ்சல் அனுப்பினேன். சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, விமான நிலையத்திலிருந்து வண்டி உண்டா, பிள்ளைகளுக்கான மன்றத்தில் எந்த வயது வரை இலவசம், மழையால் நடக்காத விளையாட்டுக்குப் பணம் திரும்புமா, முட்டைகூட இல்லாத சைவக் காலை உணவு கிடைக்குமா என்று ஐந்தே கேள்விகள். ஒன்றிலிருந்து "எல்லா வசதியும் உண்டு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மற்றொன்று ஐந்துக்கும் தனித்தனியே பதில் எழுதி, தோசைக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் தனிக் கல்லில் சுட்டுத் தருவோம் என்றும் சேர்த்திருந்தது. அங்கே இன்று காலை முன்பணம் கட்டிவிட்டேன். அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டதால் இம்முறை வரவில்லை, எங்களோடு வரப்போகும் என் அப்பாவும் சைவம்தான். போய்வந்த பிறகு எழுதுகிறேன்.