'பொயின்ட் டு பொயின்ட்': எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும்?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் சொற்பட்டியலில், புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மட்டும் இணைக்கும் 'பொயின்ட் டு பொயின்ட்' சேவைக்குப் 'புள்ளிக்குப் புள்ளி', 'இடத்துக்கு இடம்' என இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தமிழில் ஒரு பெயரைக் 'கு' உருபோடு சொல்லி, அதே பெயரை மறுபடியும் அடுக்கினால் பெரும்பாலும் 'ஒவ்வொன்றிலும்' என்ற பொருள்தான் வரும். வீட்டுக்கு வீடு வாசற்படி. நாளுக்கு நாள் விலையேற்றம். 'ஊருக்கு ஊர் நிக்கிற பஸ்' என்றால், நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று எல்லா இடத்திலும் ஆள் ஏற்றும் பஸ். நாம் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிரானது. 'நேருக்கு நேர்' போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை வழக்கில் ஊறியவை. புதிதாக ஆக்கும் சொல்லை வாசகர் பொது வழக்கின்படிதான் புரிந்துகொள்வார்.

'நேரடி' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். நேரடி வரி, நேரடி ஒளிபரப்பு, நேரடி வகுப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத்தின் 'டிரெக்ட்' தானே தெளிவில்லாதது என்பது. விமானத் துறையில் 'டிரெக்ட்' பறப்பு வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறலாம். பறப்பு இலக்கம் மாறாதிருந்தால் போதும். எங்கும் இறங்காததை 'நொன் ஸ்டொப்' என்பார்கள். பயணச்சீட்டு வாங்கும் பலர் இரண்டும் ஒன்றென்று எண்ணி ஏமாறுகிறார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

ஹட்டன் பஸ் நிலையத்தில் சனம் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். 'எடையில நிக்குமா?' 'மாறாம போகலாமா?' 'சுத்திப் போகுமா?' இவை மூன்று வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மற்றதற்கும் 'ஆம்' என்றாகிவிடாது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சிகளில் (புகையிரதங்களில்) இது தெளிவாகத் தெரியும். பொடி மெனிக்கே என்ற கோச்சி பேராதனைச் சந்தியிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் கண்டிக்குள் போய், வந்த வழியே திரும்பி மலை ஏறும். பயணி வண்டி மாறுவதில்லை, ஆனால் சுற்றுவழி. உடரட்ட மெனிக்கே என்ற இன்னொரு கோச்சி கண்டிக்குள் போகாமல் சந்தியிலிருந்தே மலைப்பக்கம் திரும்பும். அது நேர்வழி. ஆனால் கண்டியிலிருந்து அதில் ஏற விரும்புபவர் பேராதனைக்கு வந்தாக வேண்டும். இரண்டும் வழியில் பல நிலையங்களில் நிற்கும். இவ்விரண்டுக்கும் 'நேரடி' என்ற ஒரே முத்திரையைக் குத்தினால் பயணிக்கு என்ன தெரியும்?

என் முன்மொழிவு: நிற்காததற்கு 'இடைநில்லா', மாறத் தேவையில்லாததற்கு 'வண்டிமாறா', சுற்றாததற்கு 'நேர்வழி'. முதல் இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். ஆகவே பின்னால் வரும் வல்லினம் மிகும்: இடைநில்லாப் பேருந்து, வண்டிமாறாச் சேவை. பலகை எழுதுபவர்கள் இந்த ஒற்றை விட்டுவிடுகிறார்கள். 'மாறா' என்று மட்டும் எழுதினால் 'மாறாப் புகழ்' போல 'என்றும் நிலையான' என்ற பொருளும் வந்துவிடும். 'வண்டி'யைச் சேர்த்தது அதனால்தான்.

வண்டி மாறாமல் கடைசிவரை போகும் 'துரூ' சேவைக்கு 'ஊடுசேவை' என்று சிலர் எழுதுகிறார்கள். 'கண்டி ஊடாகப் பதுளை' என்று தினமும் பலகையில் வாசிக்கும் நம்மவர்களுக்கு ஊடு என்றால் 'அந்த ஊர் வழியாக' என்றுதான் படும். அது வேண்டாம்.

*

> நிற்காததற்கு 'இடைநில்லா'

வணக்கம். உங்கள் முன்மொழிவில் மற்ற இரண்டையும் ஏற்கிறேன். இதில் மட்டும் ஒரு தடை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேருந்துக்கு 'இடைநில்லா' பொருந்தி நிலைத்துவிட்டது. நம் மலையகப் பாதைக்கு அது பொய்யாகிவிடும். ரம்புக்கனைக்கு மேல் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவதொரு நிலையத்தின் கிளைப்பாதையில் நின்றே தீர வேண்டும். பாதையின் அடுத்த துண்டுக்குள் நுழைய அனுமதி தரும் 'டெப்லட்' என்ற அடையாள வில்லை கைக்கு வராமல் சாரதி நகர முடியாது. 44 அடிக்கு 1 அடி ஏறும் சாய்வில், பின்னால் தள்ளும் எஞ்சினைக் கோக்கவும் கழற்றவும்கூட நிற்க வேண்டி வரும். விமானமும் பயணிகளை இறக்காமல் எரிபொருளுக்காக மட்டும் தரையிறங்கலாம்.

ஆகவே வண்டி நிற்பது வேறு, பயணி ஏறி இறங்க நிற்பது வேறு. பின்னதற்கு நம்மிடம் 'தரிப்பு' இருக்கிறது. தரிப்பிடம், 'தரித்துச் செல்லும்' என்று அறிவிப்பிலும் கேட்கிறோம். 'இடைத்தரிப்பில்லா' என்பதே துல்லியம். 'தரியா' என்று சுருக்க வேண்டாம். 'அணியாத', 'பொறுக்காத' என்றும் பொருள்படும்.

*

ஏற்கிறேன். 'நிறுத்தம்', 'தரிப்பு' என்ற வேறுபாட்டை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அதைத் தனிப் பதிவாகவே சொற்பட்டியலில் சேர்க்க வேண்டும். பேருந்துக்கு 'இடைநில்லா', புகையிரதத்துக்கும் விமானத்துக்கும் 'இடைத்தரிப்பில்லா' என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பிந்தையது ஒன்பது எழுத்து. மும்மொழிப் பலகையில் தமிழுக்குக் கிடைக்கும் இடம் குறைவு என்றாலும், 'நகரங்களுக்கிடையிலான' என்ற பன்னிரண்டு எழுத்தையே தாங்கும் பலகை இதையும் தாங்கும். அந்தச் சொல்லை 'நகரிடை' என்று நான்கு எழுத்தாக்கி, 'நகரிடைக் கடுகதி' என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தலைப்பிலுள்ள சொல்லுக்கு வருகிறேன். பேருந்துக்கு 'ஈரூர்ச் சேவை' என்று வைக்கலாம். இரண்டு என்பது உயிரெழுத்துக்கு முன் 'ஈர்' ஆகும், ஈருருளி (சைக்கிள்) போல. புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகிய இரண்டு மட்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'ஒவ்வொரு ஊரும்' என்ற மயக்கமும் இல்லை.

தொலைத்தொடர்பில் ஊர் என்பது பொருந்தாது. ஒரு மலையுச்சிக் கோபுரத்துக்கும் எதிர்மலைக் கோபுரத்துக்கும் இடையிலான நுண்ணலை இணைப்பை 'இருமுனை இணைப்பு' என்போம். ஒரு கோபுரம் பலவற்றோடு பேசினால் 'பன்முனை இணைப்பு'. மின்னியலிலும் உளமருத்துவத்திலும் 'இருமுனை' வேறு பொருளில் வழங்குவது உண்மை. அதனால் 'இணைப்பு' என்ற பின்சொல்லை எப்போதும் விடாமல் எழுத வேண்டும்.

'கனெக்டிங்' பஸ்ஸுக்கு இன்னும் முடிவில்லை. சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டனில் கோச்சியை விட்டு இறங்குபவர்களை நல்லதண்ணிக்கு ஏற்றிப் போகும் பஸ்ஸை 'இணைப்புப் பஸ்' என்றால், மேலே சொன்ன 'இணைப்பு' அதோடு மோதுகிறது. 'தொடர்ப் பஸ்' என்று எழுதிப் பார்த்தேன். இடைவிடாமல் ஓடுவது போலத் தொனிக்கிறது. 'மாறுவண்டி' எப்படி இருக்கிறது?