பழைய ஈயக் குழாயைப் பாதுகாப்பாகக் கழற்ற ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கோவையில் எங்கள் அப்பாரு கட்டிய வீட்டில், மீட்டரிலிருந்து சமையலறைக்குச் செல்லும் குடிநீர்க் குழாயின் ஒரு பகுதி ஈயமாக இருக்கிறது. சாவி முனையால் சுரண்டினால் சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளிபோல் பளிச்சிடுகிறது, காந்தமும் ஒட்டவில்லை. சிறுவாணித் தண்ணீரின் மென்மையை நாம் பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் மென்னீரில்தான் ஈயம் எளிதாகக் கரையும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தள்ளிப்போட மனமில்லை.

பார்க்க வந்த பிளம்பர், கட்டிங் மெஷினில் அறுத்து, இணைப்புகளைத் தீ காட்டி உருக்கி எடுத்துவிடலாம் என்கிறார். மெஷினில் அறுத்தால் நுண்தூள் பறக்கும், தீ காட்டினால் ஈயப் புகை எழும், இரண்டுமே முதலில் அவருக்குத்தான் கேடு என்பதால் நான் சம்மதிக்கவில்லை. குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழாயை ஈரப்படுத்தியபடி கையாலேயே மெதுவாக அறுத்து, துண்டுகளையும் துடைத்த துணியையும் பையில் கட்டி, கை முகம் கழுவிய பிறகே டீ குடிப்பது என்று செய்ய நினைக்கிறேன். இப்படிப் பொறுமையாகச் செய்யும் பிளம்பர் கோவை, திருப்பூர் பக்கம் யாரேனும் உண்டா? துணி முகக்கவசம் இதற்குப் போதாது. நுண்தூளைத் தடுக்கும் கவசம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஈயத்தோடு செம்புக் குழாயை இணைத்தால் அரிப்பு கூடும் என்பதால் முழுவதையும் எடுத்துவிடுகிறேன். புதுக் குழாயில் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாய்முனைச் சல்லடையையும் கழுவிய பின், ஈயத்தின் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிவீட்டு மாதிரியை வாங்கி ஈயத்தைச் சோதித்துத் தரும் ஆய்வகம் தெரிந்தவர்கள், கட்டணத்தோடு தெரிவித்தால் உதவியாக இருக்கும்.